கதிரக்கா

கதிரக்கா என்று கேட்டால்தான் ஹட்டனில் ஆளைக் காட்டுவார்கள். அந்தப் பெயரை முதல்தடவை கேட்கிறவர்கள், கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையாக்கும் என்று நினைப்பார்கள். அவரோ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒரு பெரிய புனிதையுடையது. அதை அடையாள அட்டையோடு நிறுத்திக்கொண்டார். எப்போதும் நாற்காலியும் கையுமாக இருந்தவரைக் கதிரை அக்கா என்று யாரோ கேலியாகக் கூப்பிட, அது நாளடைவில் தேய்ந்து கதிரக்கா ஆகிவிட்டது. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவேயில்லை.

தோட்டங்களிலும் டவுனிலும் நாடகம் போடுகிற ஒரு குழுவை அவர் நடத்திவந்தார். நடிக்கமாட்டார், எழுதமாட்டார், பாடச்சொன்னால் ஓடிவிடுவார். மண்டபம் பிடிப்பது, லொறி பிடிப்பது, அனுமதி வாங்குவது, ஆட்களை உட்காரவைப்பது ஆகியவைதான் அவர் வேலை. இவற்றில் கடைசி வேலைக்காகத்தான் முதல் மூன்றையும் செய்தார் என்று நான் பின்னாளில் புரிந்துகொண்டேன்.

நான் அப்போது தலவாக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். ஒரு சாயங்காலம் ஹட்டனில் அவர்களுடைய நாடகத்துக்குப் போய், பிடிக்காவிட்டால் பாதியில் நழுவிவிடலாம் என்று வாசலோரம் கைகட்டி நின்றேன். தலையில் ஒரு கதிரையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கதிரையை எனக்கு முன்னால் வைத்து உட்காரச் சொன்னார். பரவாயில்லை, நிற்கிறேன் என்றேன்.

“நிக்கிறதுக்குக் காலையில பெரட்டுக் களம் இருக்கு. இது பாக்குற எடம். ஒக்காருங்க” என்றார்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரும் வரிசையாக நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்வது. நான் எந்தப் பெரட்டிலும் நின்றவனில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு வரிசை முளைத்து வாசலை அடைத்துவிட்டது. நாடகம் சுமார்தான். முழுவதும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்கள் குழுவுக்குக் கடிதம், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற ஆளாகிவிட்டேன்.

நிற்கிற மனிதனை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சாவு வீட்டில், சடங்கு வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கேயும். மாதா கோயில் திருவிழாவில் ஆட்கள் பின்னால் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே வாங்குப் பலகைகளில் இருந்தவர்களை நெருங்கி உட்காரச்சொல்லி ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திக் காத்திருந்தார். அவருக்கும் வேறு வழியில்லை.

இதில் கொஞ்சம் கொடுமையும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை தோட்டத்துக் கடைக்காரர் ஒருவர் நாடகம் முழுவதையும் நின்றே பார்ப்பேன் என்று அடம்பிடித்தார். அவரும் விடவில்லை, கதிரக்காவும் விடவில்லை. மேடையில் நடிகர்கள் வசனத்தை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கடைக்காரர், தனக்கு உட்காருகிற இடத்தில் ஒரு கட்டி வந்திருக்கிறது என்பதைச் சபைக்கு முன்னால் சொல்லவேண்டி வந்தது. கதிரக்கா அப்போதும் தோற்கவில்லை. பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்தார்.

இன்னொரு விழாவில் பிரதம அதிதியாக ஓர் அரசியல்வாதியைக் கூப்பிட்டிருந்தோம். முன்வரிசையில் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் மண்டபக்காரர்கள் சோபா போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அவர் வர நேரமாயிற்று. அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கிழவிகள் கொஞ்சம் பேர் சுவரோரம் நின்றார்கள். கதிரக்கா அவர்களைக் கொண்டுபோய் சோபாவில் உட்காரவைத்துவிட்டார். அதிதி மாலையோடு உள்ளே வந்தபோது ஒரு கிழவி காலை மடக்கிச் சம்மணம் போட்டு வெற்றிலையை ஆரம்பித்திருந்தார். அதிதிக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது. அதற்கு ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த மண்டபத்தை எங்களுக்கு அப்புறம் ஒரு வருடம் தரவேயில்லை.

இந்தப் பெண்மணியைத்தான் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

கலை நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களை ஆறு வாரம் அழைத்துத் தங்கவைத்து, பதிலுக்கு அங்கிருந்து ஒருவரை ஆறு வாரம் இங்கே அனுப்புகிற திட்டம் ஒன்று வந்தது. இடம் ஸ்கொட்லாந்தில் ஒரு கடலோர நகரத்து அருங்காட்சியகம். கொழும்பில் யாரோ அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில். அதைத் தூக்கிக்கொண்டு, சேர், சேர் என்று என்னைக் கூப்பிட்டபடி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கியூரேட்டர் என்றால் என்ன என்று கேட்டார். அகராதியைப் பார்த்து, காப்பாளர் என்றேன்.

“காவக்காரரா? அதுக்கா இவ்வளவு தூரம் கூப்புடுறாங்க?” என்றார்.

நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

‘நீங்கள் ஏன் இந்தப் பணியைச் செய்கிறீர்கள்’ என்று ஒரு கேள்வி இருந்தது. அவர் சன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எங்கம்மா நின்னு பாத்திருக்கேன். படுத்துப் பாத்திருக்கேன். ஒக்காந்து பாத்ததில்ல சேர்.”

இதைப் போய் எப்படி எழுதுவது? ‘அடித்தள மக்களின் கலைநுகர்வு வெளியை விரிவாக்குவதில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தெரிவாகிவிட்டார். என் ஆங்கிலத்தால்தான் தெரிவானார் என்று நான் நம்பினேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் காரணம்.

போய் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே பஸ்களின் முன்னால் நம்முடைய தோட்டத்துப் பெயர்கள் எழுதியிருக்கிறது என்றார். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயரைத்தானே நம் மலைகளுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைப் போட்ட பஸ்ஸைக் கண்டதும் ஏறிவிட்டாராம். கடைசித் தரிப்பில் இறங்கிப் பார்த்தால் வரிசையாகக் கல்வீடுகள், தூறல், குளிர்.

“லயம் மாதிரியேதான் இருக்கு சேர். கூரைதான் வேற” என்றார்.

அங்கே தரிப்பில் நின்ற ஒரு கிழவரை உட்காரச்சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார். அவர் பயந்துபோய் உட்கார்ந்தாராம்.

அருங்காட்சியகம் அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய பெரிய அறைகள், சுவரில் படங்கள், நடுவில் ஒரு கல், ஒரு சட்டி. ஒவ்வொரு அறையிலும் ஒரு காவலாள் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டேயிருக்க வேண்டும் என்பது விதி. உட்கார்ந்தால் கவனம் போய்விடுமாம். அந்தக் காவலாட்களைத்தான் உண்மையான கியூரேட்டர்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மேல்மாடியில் அவருக்குக் கொடுத்த மேசையை விட்டுவிட்டுக் கீழே அவர்களோடு சாப்பிட்டார். அதில் ஒரு பெண், அவளும் வேறு ஏதோ நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள், சப்பாத்தைக் கழற்றிக் கணுக்காலைக் காட்டியிருக்கிறாள். வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்ததாம். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கிடையாது. வீக்கத்துக்குப் பாஷை எதற்கு?

மறுநாள் கதிரக்கா மேல்மாடியிலிருந்து தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அந்தப் பெண்ணின் அறையில் போட்டார். பாதுகாப்பு அதிகாரி எடுத்துவைத்தார். அதற்கு மறுநாளும் போட்டார். மறுபடி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் அந்த இடத்து நிஜக் கியூரேட்டர் வந்தார். நெட்டையான, மிகவும் மரியாதை தெரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். கதிரையைப் பார்த்தார். கதிரக்காவைப் பார்த்தார். கண்கலங்கிவிட்டாராம். இது ஒரு மகத்தான கலைச்செயல் என்று புரிந்துகொண்டு, படம் எடுத்து, பக்கத்துச் சுவரில் மாட்ட நாலு வரி எழுதித் தரச்சொன்னார்.

கதிரக்கா உடனே என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச்சொல்ல நான் இங்கே தாளில் எழுதினேன்.

“இங்க நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்குது. ரூமுக்கு ஒரு கதிரை போடுங்க. இது நான் செஞ்ச கலை இல்ல. போடாட்டி நாளைக்கும் தூக்கிக்கிட்டு வருவேன். அவ்வளவுதான் சேர், இங்கிலீசுல போட்டு அனுப்புங்க.”

நான் தாளைப் பார்த்தபடி இருந்தேன். வந்த இடத்தில் சண்டை பிடிக்கிறாரே, பாதியில் அனுப்பிவிட்டால் என்ன ஆவது என்று பயந்தேன். பயம் பாதி, மீதி என் ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த ஆசை. இப்படி எழுதி அனுப்பினேன்: ‘வெறுமை தாங்கி நிற்கும் இந்த இருக்கை, உடலையும் உழைப்பையும் பார்த்தல் எனும் செயலையும் குறித்துச் சிந்திக்க நம்மை அழைக்கிறது.’

அரை மணியில், அற்புதம் என்று கியூரேட்டரின் பதில் வந்தது. நான் அதை இரண்டுமுறை வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு கதிரக்காவின் குரல் மாறியிருந்தது. கதிரையைச் சுற்றிக் கம்பி நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்களாம். உட்காரக்கூடாது என்று படம்போட்ட அட்டையும் வைத்திருக்கிறார்களாம்.

“அந்தப் புள்ள இப்ப கதிரையையும் சேத்து நின்னுக்கிட்டே காவல் காக்குது. ஏன் சேர் கயிறு கட்டுனாங்க?”

மரியாதைக்காகக் கட்டியிருப்பார்கள் என்றேன்.

“மரியாதைக்கா” என்று திரும்பச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து ஊருக்கு வந்தார். சான்றிதழும் ஒரு வழவழப்பான புத்தகமும் கொண்டுவந்தார். புத்தகத்தில் கயிறு கட்டிய கதிரை ஒரு முழுப்பக்கத்துக்கு இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் சபாஷ் சொன்னார்கள். அவர் அதை மூடி அரிசிப் பெட்டிமேல் போட்டுவிட்டார். தான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அவர்கள் செய்யவில்லையே என்ற யோசனை அவரை விடவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்களோ என்று ஒருநாள் என்னிடமே சொன்னார்.

திட்டத்தின் மறுபாதியாக அந்த நெட்டைக் கியூரேட்டர் ஹட்டனுக்கு வந்து இறங்கினார். எங்கள் ஆட்கள் அவரைத் தொரசாணி என்று கூப்பிட்டார்கள். அது துரை வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிற மரியாதையான சொல் என்று நான் அவருக்கு விளக்கியிருந்தேன். நான்தான் மொழிபெயர்ப்பு. உண்மையில் நல்ல பெண். கலாசாரப் பரிமாற்றம் என்று குறிப்புப் புத்தகம் வாங்கி வந்தவருக்கு, முதல்நாளே லொறியில் கதிரை ஏற்றவேண்டி வந்தது. குறைசொல்லாமல் கைக்கு நாலாகத் தூக்கினார். மழையில் நனைந்தார், ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கேட்டார். தொரசாணி தோட்டத்திலே பிறந்திருந்தால் நல்ல வேலைக்காரியாக இருந்திருப்பார் என்று கதிரக்கா பாராட்டினார். இதை மட்டும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் மிகவும் மகிழ்ந்தார்.

நான்காம் வாரம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஞாயிறு பகலில் நாடகம். கதிரக்கா தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டுப் பெரட்டுக் களத்தையே வாங்கியிருந்தார். எங்கள் கதிரைகள் போதாமல் கோயில் வாங்குகளும் வந்தன. வழக்கமாக நிற்கிற இடத்தில் உட்காருவதற்கு ஆட்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். ஒரு கங்காணி மட்டும் பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றார். கதிரக்கா பார்த்த பார்வையில் அவரும் உட்கார்ந்தார். பனி விலகி வெயில் வந்தது.

நாடகம் முடிந்ததும் தொரசாணி பேச விரும்பினார். பையிலிருந்து அந்த வழவழப்பான புத்தகத்தை எடுத்து, கதிரக்காவின் கலைக்கூற்றை அவருடைய மக்களுக்கு முன்னாலேயே வாசிப்பது தனக்குக் கிடைத்த பேறு என்று சொல்லி வாசித்தார். நான் எழுதிய வரிதான். ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்.

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. ஆனால் மூளை வேலை செய்தது. கதிரக்கா அன்று தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழில் சொன்னேன். நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கிறது, ரூமுக்கு ஒரு கதிரை போடுங்கள், இது கலை இல்லை. களமே கைதட்டியது. தொரசாணிக்குப் பூரிப்பு. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கதிரக்கா எழுந்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது. இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்கிறதே, பிறகு ஏன் கதிரை போடவில்லை, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் தொரசாணியின் பக்கம் திரும்பி, இங்கத்தைய காலநிலை எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கொஞ்சம் திகைத்து, குளிர்தான், ஆனால் அழகாக இருக்கிறது என்றார்.

“பரிசீலனை பண்ணிக்கிட்டு இருக்காங்களாம்” என்றேன் ஒலிவாங்கியில்.

ஆறு வாரம் அந்த ஊரில் இருந்தவருக்கு வேறு சொற்கள் தெரியாமல் இருக்கலாம். குளிர் என்ற சொல் தெரியாமல் இருக்குமா?

“சேர், அவங்க குளிருதுன்னுதானே சொன்னாங்க?”

களம் முழுக்க உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒலிவாங்கியை அணைக்கக்கூடத் தோன்றாமல், முதலில் ஆங்கிலத்தில் தொரசாணிக்குச் சொன்னேன். நீங்கள் வாசித்தது அவர் சொன்னதில்லை, நான் எழுதியது, அவர் கேட்டது கதிரை மட்டும்தான். அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. பிறகு தமிழில் சொன்னேன். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கதிரக்கா முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நல்லது. அவர் போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து எனக்குப் பின்னால் வைத்தார்.

“ஒக்காருங்க சேர். காலு நடுங்குது” என்றார்.

அவ்வளவு பேருக்கு முன்னால், நடுக்களத்தில், தனியாக உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிரமமாக நான் எதன்மேலும் உட்கார்ந்ததில்லை.

தொரசாணி ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறுகிற அன்று கதிரக்கா ஒரு பயிற்சிக் கொப்பித் தாளைக் கொடுத்தார். தானே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கட்டைவிரல் பருமனில் எழுத்துகள். கதிரை கலை இல்லை, கதிரை உட்கார, கால் வலி, ரூமுக்கு ஒன்று, கயிறு வேண்டாம், தயவுசெய்து. இவ்வளவுதான். ஒரு வினைச்சொல்லும் இடத்தில் இல்லை. திருத்தித் தரட்டுமா என்று என் கை தானாகப் பேனாவுக்குப் போனது.

“தொடாதீங்க” என்றார்.

தொரசாணி அதை இரண்டுமுறை வாசித்து, மடித்து, கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கதிரக்கா என்னிடம் எந்தக் கடிதமும் கொண்டுவரவில்லை. கண்டால் பேசுவார், தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்பார். நாடகம் பார்க்கப் போனால் நல்ல இடத்தில் உட்காரவைப்பார். கோபம் என்று எதையும் காட்டவில்லை. ஆனால் வேலை ஒன்றும் தரவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பண்டாரவளைக்கு மாற்றம் வந்தது.

நான் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் வெளிநாட்டு முத்திரை ஒட்டிய ஓர் உறை. உள்ளே ஒரு கடிதமும் ஒரு படமும். வாசித்துச் சொல்லுங்கள் என்று நீட்டினார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு வாங்கினேன்.

“முழுசா வாசிங்க சேர். ஒண்ணையும் விடாதீங்க, ஒண்ணையும் சேக்காதீங்க.”

வாசித்தேன். மேலிடத்தோடு பேசிப் பேசி நீண்ட நாட்களாகிவிட்டது, மன்னிக்கவும். இந்த மாதத்திலிருந்து எல்லா அறைகளிலும் காவலாட்களுக்குக் கதிரை போட்டிருக்கிறோம். கயிறு கட்டிய அந்தக் கதிரையை மட்டும் எடுக்க முடியவில்லை. அதை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இலக்கம் போட்டுச் சேர்த்துவிட்டார்கள், இனி யாரும் தொடக்கூடாது. அதற்காக வருந்துகிறேன்.

படத்தில் சிவப்புக் கயிற்றுக்குள் வெறும் கதிரை இருந்தது. பக்கத்தில் வேறொரு கதிரையில் அந்தப் பெண் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்நீட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்தேன். கதிரக்கா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டவர், கடைசி வரிக்கும் தலையாட்டிவிட்டுக் கடிதத்தை உறைக்குள் போட்டார்.

“சரியா இருக்கு. மருந்துக்கடை பாமசிக்காரரும் இதேதான் வாசிச்சாரு” என்றார்.